ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை

ஹெலினாவைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. மாப்பிள்ளையின் தாயார் காபியை ஆற்றிக்கொண்டே, "பொண்ணு சொன்ன பேச்சு கேக்குமா?" என்று விசாரித்தாள். தம்பி ஜோசப்ராஜ் அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் நீட்டினான். ஹெலினா பேனாவை வாங்கி அதன் கீழேயே எழுதிக் கொடுத்தாள்: 'கேட்காது. டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறது.'

அந்தச் சம்பந்தம் காபியோடு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு இடங்களையும் அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் அவளுடைய இரண்டு காதும் போய்விட்டன. இப்போது வயது நாற்பத்திரண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு உள்ளே போகும் ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் கட்டிய ஒயரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு நாள் கிடையாது. பட்டாபிராமில் அப்பா கட்டிவிட்டுப் போன வீட்டில்தான் இருக்கிறாள். கூட இருப்பது ஜோசப்ராஜ், அவன் மனைவி செலின், பத்தாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகன் டேனி. ஜோசப்ராஜுக்கு ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. காலை ஷிப்ட் போனால் சாயங்காலம் ஐந்துக்குள் வீடு வந்துவிடுவான்.

அந்த வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. ஹெலினா அதைக் கற்றது ஹாஸ்டல் பள்ளியில். அங்கேயும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. வகுப்பில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வாயால் 'பா' என்றும் 'மா' என்றும் சொல்லிப் பழக வேண்டும். கை விடுதலையாவது சாப்பாட்டு அறையில்தான். பெரிய பெண்களிடமிருந்து சின்னப் பெண்கள் அங்கேதான் பேசக் கற்றார்கள். வீட்டில் 'சாப்பிட்டியா', 'போ', 'வா', 'குளிச்சியா' அளவுக்குக் கை ஆட்டுவார்கள். மற்றதெல்லாம் போனில் எழுதிக் காட்டுவார்கள். ஒரு பக்கம் பேசுவதை ஒரு வரியாக்கிக் காட்டுவார்கள். செலினும் ஜோசப்ராஜும் அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, இன்னா ஆச்சு என்று கேட்டால், 'ஒண்ணுமில்ல' என்று எழுதுவார்கள்.

ஆகவே ஹெலினா பேசியதெல்லாம் சாயங்காலம்தான். ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, தன் அறையில் போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து வீடியோவில் உட்காருவாள். அந்தப் பக்கம் ஐயப்பன்தாங்கலில் அகல்யா, நூம்பலில் கெங்கம்மாள், இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் காது கேளாதவர்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் எல்லாருக்கும் ஒழிகிற நேரம் ஆறேகாலிலிருந்து ஒன்பது. மாமியார் பேச்சு, மூட்டு வலி, எந்தக் கடையில் புடவைக்குக் கஞ்சி நன்றாகப் போடுகிறான், யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாமும் அங்கே நடக்கும். அந்தக் கூட்டத்தில் தமிழைத் தடுமாறாமல் படிக்கிறவள் ஹெலினா ஒருத்திதான். யார் வீட்டுக்கு என்ன கடிதம் வந்தாலும் போனுக்கு முன்னால் பிடிப்பார்கள். அவள் படித்து, சைகையில் விளக்குவாள். கெங்கம்மாளுக்கு அறுபது வயது, கணவன் இல்லை, பிள்ளை இல்லை, எழுத்துக்கூட்டக்கூட வராது. தபால்காரர் எதைக் கொடுத்தாலும் சாயங்காலம் வரை மடியில் வைத்திருப்பாள்.

ஜனவரியில் டேனி அரையாண்டுத் தேர்வில் கணக்கில் பதினேழு மார்க் வாங்கிக்கொண்டு வந்தான். இரவு பகலாகப் போனில் விளையாடுகிறான் என்பது வீட்டுக்கே தெரியும். ஜோசப்ராஜ் புதிதாக ஒரு வைஃபை பெட்டி வாங்கி வந்தான். அவன் போனில் இருக்கும் ஆப் மூலம் எந்த நேரம் இன்டர்நெட் வரவேண்டும், எந்த நேரம் நிற்கவேண்டும் என்று அவனே வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் செலினுக்கும் டேனிக்கும் விளக்கினான். அக்காவிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அகல்யா தன் ஆபீஸ் மேனேஜரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேலே போன நிலையில் படம் அப்படியே நின்றது. மணி ஆறு முப்பது. ஹெலினா ஐந்து நிமிடம் காத்திருந்தாள். பிறகு ஹாலுக்கு வந்து பெட்டியைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. ஜோசப்ராஜைப் பார்த்தாள். அவன் போனில் எழுதிக் காட்டினான்.

'அக்கா, டேனி படிக்கறதுக்காக. 6.30 டு 9.30 வைஃபை இருக்காது.'

'என் போனுக்கு மட்டும் விடு.'

'முடியாது. போன மாசம் அவன் போன புடுங்கி வெச்சப்ப உன் போன்லதான் விளையாடினான். எல்லாருக்கும் ஒரே ரூல்.'

அது உண்மைதான். அத்தை குளிக்கப் போன நேரத்தில் டேனி அவள் போனை எடுத்திருந்தான்.

'மூணு மணி நேரம் போன் இல்லாம இருக்க முடியாதாக்கா?' என்று மறுபடி எழுதினான்.

ஹெலினா அவன் போனை வாங்கி எழுதினாள்: 'நீ மூன்று மணி நேரம் வாய் இல்லாமல் இரு. பார்க்கலாம்.'

ஜோசப்ராஜ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இணைப்பே ஹெலினா பெயரில் இருந்தது. கொரோனா காலத்தில் கம்பெனி மூடிக் கிடந்தபோது, யாரோடும் பேச முடியாமல் அவள்தான் ஓடி அலைந்து அதை வாங்கினாள். இன்றுவரை பணம் கட்டுவதும் அவளே. பெட்டிதான் தம்பியுடையது.

அவள் முதலில் போனிலேயே இருக்கும் டேட்டாவில் முயன்று பார்த்தாள். வீட்டுக்கு இரண்டு பக்கமும் நாலு மாடி ஃபிளாட்டுகள் எழும்பியதிலிருந்து உள்ளே சிக்னல் கிடையாது. காதால் பேசுகிறவர்களுக்குக் குரல் கொஞ்சம் உடைந்தாலும் அர்த்தம் புரிந்துவிடும். கை உடைந்தால் ஒன்றும் புரியாது. அகல்யாவின் விரல்கள் ஒரு இடத்தில் கிளம்பி, நடுவில் காணாமல் போய், வேறு இடத்தில் வந்து நின்றன. "வருகிறாயா?" என்றாளா, "வரவேண்டாம்" என்றாளா என்றே தெரியவில்லை. ஒன்பதரைக்கு வைஃபை வரும்போது மற்றவர்கள் படுத்திருப்பார்கள். ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிக்கிற பெண்கள்.

பெட்டியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, குண்டூசியால் அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும் என்று அகல்யா ஒரு நாள் மதியம் செய்தி அனுப்பினாள். ஹெலினா பதில் எழுதினாள்: 'என் வீட்டில் நான் ஏன் திருட வேண்டும்? அவன் கையால் அவனே கொடுக்கட்டும்.'

மூன்றாம் வாரம் கெங்கம்மாளின் விஷயம் நடந்தது. அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பத்து நாள் சாயங்காலமும் அதை எடுத்துப் போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஹெலினா வரவில்லை. அகல்யாவிடம் காட்டினாள். அகல்யா ஆங்கிலம் படித்தவள். அரசாங்கத் தமிழ் அவளுக்குப் பிடிபடவில்லை. படமாக எடுத்து அனுப்பவும் கெங்கம்மாளுக்குத் தெரியாது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு நூம்பலிலிருந்து பஸ் மாறிப் பட்டாபிராமுக்கே வந்துவிட்டாள். ஹெலினா படித்தாள். மாற்றுத்திறனாளிகளுக்கான பஸ் பாஸைப் புதுப்பிக்கும் முகாம், பழைய பாஸோடும் இரண்டு போட்டோவோடும் வரவும். தேதி போய் நாலு நாள் ஆகியிருந்தது. அடுத்த முகாம் ஜூனில்.

கெங்கம்மாள் அழவில்லை. "வரும்போது டிக்கெட் எடுத்துத்தான் வந்தேன்" என்று மட்டும் சைகையில் சொன்னாள். "கண்டக்டர் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஏனென்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது."

ஹெலினா அந்தக் கடிதத்தை ஜோசப்ராஜின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் படித்தான். முகம் சுருங்கியது. 'பாவம்தான்' என்று எழுதினான். 'டேனிக்கு பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்க்கா. ரெண்டு மாசம்தான்.'

மறுநாளிலிருந்து ஹெலினா சாயங்காலம் வீட்டில் இருக்கவில்லை. வேலையிலிருந்து வந்து ரயிலை விட்டு இறங்கியதும் பட்டாபிராம் ஸ்டேஷனிலேயே நின்றாள். பிளாட்பாரத்தின் கோடியில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு. அங்கே சிக்னல் நன்றாக இருந்தது. டிபன் பாக்ஸ் பையின் மேல் போனைச் சாய்த்துவிட்டு, முன்னால் நின்றுகொண்டு பேசினாள். சென்ட்ரலிலிருந்து வரும் வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்குகிற கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயிற்று. இரண்டு கல்லூரிப் பெண்கள் அவளைப் போலவே கையை ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஹெலினா அவர்கள் பக்கம் திரும்பி, அதே சிரிப்பைத் திருப்பிச் செய்து காட்டினாள். அவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள் சர்ச்சில் பாட்டு நடத்துகிற இருதயராஜ் அந்த வண்டியில் வந்து இறங்கினார். நேரே ஜோசப்ராஜுக்குப் போன் செய்தார்.

"தம்பி, உங்கக்கா ஸ்டேஷன்ல தனியா நின்னுகினு கைய ஆட்டிக்கினு கீறாங்க. ஒடம்பு கிடம்பு செரியில்லியா? அல்லாரும் பாக்கறாங்கப்பா."

ஜோசப்ராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். அக்கா முன்னால் போய் நின்று, வாயைப் பெரிதாக அசைத்து, "ஊட்டுக்கு வா" என்றான். சின்ன வயதிலிருந்து பார்த்த வாய் என்பதால் ஹெலினாவுக்கு அது நன்றாகவே புரியும். ஒரு விரலைக் காட்டி, இரு என்றாள். பேச்சைத் தொடர்ந்தாள்.

"அக்கா, இன்னாக்கா இது, ஜனங்கோ பாக்குது!"

ஹெலினா அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எழுதினாள்: 'இந்தப் பிளாட்பாரத்தில் இப்போது பதினோரு பேர் போனில் பேசுகிறார்கள். எண்ணிப் பார். அந்த மஞ்சள் சட்டைக்காரன் வாயைத் திறக்கிற அகலத்துக்குக் கத்திக்கொண்டுதான் இருப்பான். அவனைப் போய் வீட்டுக்குக் கூப்பிடு.'

ஜோசப்ராஜ் திரும்பிப் பார்த்தான். மஞ்சள் சட்டைக்காரன் யாரையோ, "டேய், நான் பேசறது கேக்குதா இல்லியா?" என்று ஸ்டேஷனே அதிரக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அக்கா இவ்வளவு வேகமாகப் பேசி அவன் பார்த்ததில்லை. இடுப்பில் கை வைத்து யாரையோ மாதிரி நடித்துக் காட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். திரையில் இருந்த அகல்யா அவனைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டாள். ஹெலினா மூக்குக்குக் கீழே விரலால் மீசை வரைந்து, கையில் தடி பிடித்து நிற்பது மாதிரி ஒன்று செய்தாள். திரையில் இருந்த ஐந்து பேரும் குலுங்கினார்கள்.

"இன்னா சொன்ன?" என்றான் ஜோசப்ராஜ். அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவனே இறங்கி வந்து ஒரு ஏற்பாடு சொன்னான். 'டெய்லி ஏழு மணிக்கு எனக்கு ஒரு மெசேஜ் போடு. உன் போனுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆன் பண்றேன்.'

செலினுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. ஹெலினாவுக்குப் படவில்லை.

'நான் பேசுவதற்கு உன்னிடம் தினம் பெர்மிஷன் கேட்க வேண்டுமா?'

'பெர்மிஷன் இல்லக்கா. ஒரு மெசேஜ்தானே.'

'நீ செலினிடம் பேசுவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுகிறாயா?'

அவன் போனைப் படுக்கை மேல் எறிந்துவிட்டு, "பிடிவாதம்! அப்பாரு குடுத்த எடம்!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். சுவரைப் பார்த்துச் சொன்னதால் அவளுக்குத் தெரியவில்லை. செலின்தான் கேட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. ஜோசப்ராஜ் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது ஹால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஹெலினாவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

'இன்று முதல் மாலை 6.30 மணியிலிருந்து 9.30 மணி வரை இந்த வீட்டில் யாரும் வாயால் பேசக் கூடாது. எல்லாருக்கும் ஒரே ரூல்.'

அதற்குக் கீழே, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், ஹெலினா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மடியில், ஒரு கை சுவிட்சில்.

"இன்னா வெளாட்டு இது?" என்றான் ஜோசப்ராஜ்.

அவன் உதடு அசைந்து முடிவதற்குள் வீடு இருண்டது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. பட்டாபிராம் கொசுவுக்கு அந்த ஒரு நிமிடம் போதும். இருட்டில் ஜோசப்ராஜ் கத்தினான். செலின் கத்தினாள். டேனி சிரித்தான். ஹெலினாவுக்கு இருட்டில் யாருடைய வாயும் தெரியாது, ஆகவே யாரும் பேசவில்லை. பத்து நிமிடம் கழித்து விளக்கைப் போட்டாள். டேனியின் மேசையில் மட்டும் சார்ஜ் லைட் ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்தாள். அவன் படிப்புக்கு ஒரு நிமிடமும் குறை வைக்கவில்லை.

"அண்ணி, எங்கம்மா போன் பண்ற நேரம்..." என்று செலின் ஆரம்பித்தாள். மறுபடி இருட்டு.

அன்று ராத்திரி சாப்பாடு பேச்சில்லாமல் நடந்தது. ஜோசப்ராஜ் ஊறுகாய் கேட்பதற்குக் கையை நீட்டினான். உப்பு வந்தது. மறுபடி நீட்டினான். மோர் வந்தது.

இரண்டாம் நாள் இருதயராஜ் வந்தார். வீட்டு ஜெபக் கூட்டத்துக்குத் தேதி வைக்க வேண்டும். ஜோசப்ராஜ் வாசலிலேயே அவரைத் தடுக்கக் கையைக் கையை ஆட்டினான். அவர் உள்ளே வந்து, உட்கார்ந்து, முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். வீடு இருண்டது.

"கரண்ட் போச்சா?"

"இல்லண்ணே," என்றான் ஜோசப்ராஜ் இருட்டில். "அக்கா இருக்குது."

அவர் போன பிறகு ஜோசப்ராஜ் அக்காவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. பேச வாயைத் திறந்து, சுவிட்சைப் பார்த்து, மூடிக்கொண்டான். நாற்காலியோடு அவளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். அவனுக்குப் பலம் இருந்தது. ஹெலினாவும் அதை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள், சுவிட்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவன் வாசல் கதவை அறைந்து சாத்திக்கொண்டு தெருவுக்குப் போனான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு செலின் சமையலறையிலிருந்து வந்தாள். ஜோசப்ராஜ் சோபாவில் இருந்தான். அவள் ஹெலினாவைப் பார்த்து, இரு என்பது போலக் கையைக் காட்டிவிட்டு, புருஷனைப் பார்த்துப் பேசினாள். ஹெலினாவின் கை சுவிட்சில் இருந்தது. ஆனால் அமுக்கவில்லை. செலின் யாரிடம் பேசுகிறாள் என்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா எங்கம்மாகூட ஒரு வார்த்த பேசல. எனுக்கு நெஞ்சு அடைக்குது. அவுங்க ஒரு மாசமா இப்பிடித்தான் கீறாங்க."

"அதுக்கு? மெயின ஆஃப் பண்ணுவாங்களா? ஊடா இது?"

"அவுங்க மெயின்ல கை வெச்சிக்கினு கீறாங்க. நீ போன்ல கை வெச்சிக்கினு கீற. இன்னா வித்தியாசம், சொல்லு."

"நான் பையனுக்காக..."

"பையன நிறுத்து. யாரு வேணான்னா? அவுங்கள எதுக்கு நிறுத்துற?"

ஜோசப்ராஜ் சுவரில் இருந்த தாளைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து, போனில் அந்த ஆப்பைத் திறந்து, அக்காவிடம் நீட்டினான்.

"இந்தா. நீயே வெச்சிக்கோ."

ஹெலினா சுவிட்சை விட்டாள். உள்ளங்கை வியர்த்துச் சிவந்திருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அந்த ஆப்பைத் தன் போனிலும் இறக்கி, கடவுச்சொல்லை மாற்றி, ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தாள். டேனியின் போனுக்கு ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை கிடையாது. அது தம்பி வைத்தபடியே இருந்தது. அவளுடைய போனுக்குத் தடை இல்லை. பெட்டி இனி ஓடினாலும், ஜோசப்ராஜ் நெட்டில் கிரிக்கெட் பார்க்கிற டிவிக்கும் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை கிடையாது.

அதைப் பார்த்ததும் அவன் அலறினான். "டிவி இன்னா பண்ணுச்சு?"

அவள் சுவரில் இருந்த தாளின் கடைசி வரியைக் காட்டினாள்.

"அப்ப உனுக்கு?"

'உன் வாய் திறந்துதானே இருக்கிறது?' என்று எழுதினாள். பிறகு அந்தத் தாளைக் கிழித்து எடுத்தாள்.

அன்று எட்டு மணிக்கு அவள் வீடியோவில் வந்தபோது அகல்யா நடந்ததைக் கேட்டுவிட்டு, "தம்பி மன்னிப்புக் கேட்டானா?" என்றாள்.

"இல்லை. போனைக் கொடுத்தான்."

"கேட்க வைத்திருக்க வேண்டும்."

"எனக்கு மன்னிப்பு வேண்டாம். நேரம்தான் வேண்டும்" என்றாள் ஹெலினா. கெங்கம்மாள் இடையில் புகுந்து, இந்தக் கதையை மெயின் சுவிட்சிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னாள்.

டேனி இரண்டு முறை அத்தையின் அறை வாசலில் வந்து கும்பிட்டு நின்று பார்த்தான். அவள் கடவுச்சொல்லைத் தரவில்லை. உன் அப்பா உனக்கு வைத்தது, அவனிடம் சண்டை போடு என்று எழுதிக் காட்டினாள். எப்படிச் சண்டை போடுவது என்று நீதான் பார்த்தாயே என்றும் எழுதினாள். அவன் சண்டை போடவில்லை. கணக்கில் நாற்பத்தொன்று வாங்கித் தேறினான். அது வைஃபையாலா டியூஷனாலா என்பதில் இன்றுவரை வீட்டில் ஒத்த கருத்து இல்லை.

ஜோசப்ராஜ் ஒரு மாதம் அக்காவோடு எழுதக்கூட இல்லை. ஜூன் முகாமுக்கு முதல் நாள் அவனாகவே, 'நாளைக்கு லீவ் போட்டுட்டேன். அங்க பேசறதுக்கு ஆள் வேணுமில்ல' என்று செய்தி அனுப்பினான். ஹெலினா ஒரு கட்டை விரலைப் பதிலாக அனுப்பினாள்.

முகாமில் கூட்டம். மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கெங்கம்மாளை ஒரு முறை பார்த்துவிட்டு, ஜோசப்ராஜ் பக்கம் திரும்பினார். "இந்தம்மா பேரு இன்னா? எங்க கீறாங்க? யாரு கூட கீறாங்க?"

ஜோசப்ராஜ் சொல்ல வாயெடுத்தான். ஹெலினா மேசையை ஓங்கித் தட்டினாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் எழுத்தரின் பேனாவை எடுத்து, ஒரு தாளோடு அவர் கையிலேயே வைத்து, கெங்கம்மாளின் முகத்தைக் காட்டினாள். எழுத்தர் ஜோசப்ராஜைப் பார்த்தார்.

"அவங்களாண்ட கேளுங்க சார்," என்றான் ஜோசப்ராஜ். "எழுதிக் குடுங்க. எங்கக்கா படிச்சி அவங்களுக்குச் சொல்லும்."

எழுத்தர் எழுதினார். ஹெலினா படித்துக் கையால் கேட்டாள். கெங்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் தான் தனியாகவே இருப்பதையும் தானே சொன்னாள். யாரையும் அவசரப்படுத்த விடாமல், நிதானமாகச் சொன்னாள். ஹெலினா அதை அப்படியே தாளில் எழுதிக் கொடுத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அது அவர்கள் இருவருக்கும் கேட்கவில்லை. ஜோசப்ராஜுக்குக் கேட்டது. அவன் கையைக் கட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றான்.